ஒன்பது வருடம் கிடந்த ஹொண்டா சி70: வீட்டில் எதைச் செய்யலாம், எதை வெளியே கொடுக்க வேண்டும்

கேள்வி இதுதான்: கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கத்து வீடு. அப்பா ஓடிய 1970களின் ஹொண்டா சி70 மோட்டார் சைக்கிள், 6 வோல்ற், ஒன்பது வருடமாகப் படிக்கட்டுக்குக் கீழே நிற்கிறது. கிக்கர் கீழே போகிறது, டாங்கிக்குள் கறள். கையில் சாதாரண ஸ்பனர் செற் ஒன்றும் மல்ரிமீற்றரும் உண்டு. வீட்டிலேயே ஓடவைக்க முடியுமா, 12 வோல்ற்றுக்கு மாற்றுவது நல்லதா?

முடியும். பெயின்ற், குரோம், புது சீற் எல்லாவற்றையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள். முதலில் கழற்றிப் பரப்பி, பெயின்ற்றுக்குக் கொடுத்து, பிறகு இஞ்சினைப் பார்க்கலாம் என்று தொடங்கிய வண்டிகள்தான் கொழும்பில் அதிகமாகப் பெட்டிகளுக்குள் கிடக்கின்றன. வண்டி முழுதாக நிற்கும்போதே ஓடவையுங்கள். ஓடினால்தான் அதற்கு எது உண்மையில் தேவை என்று தெரியும்.

கிக்கர் கீழே போகிறது என்பதற்காக இப்போதே உதைக்க வேண்டாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டைக்குள் 5 மில்லிலீற்றர் இஞ்சின் ஒயில் விட்டு ஓர் இரவு வையுங்கள். பிஸ்ரன் றிங்குகளில் பிடித்திருக்கும் மெல்லிய கறள், உலர்ந்த சுவரில் உரசினால் சிலிண்டரைக் கீறும். மறுநாள் பிளக் இல்லாமலே, கையால் கிக்கரை மெதுவாக நாலைந்து தரம் அழுத்துங்கள். பழைய ஒயிலையும் இப்போதே இறக்குங்கள். அடியில் உள்ள போல்ற் அலுமினிய உடலில் பூட்டியது. திரும்பப் பூட்டும்போது ஸ்பனரின் நுனியைப் பிடிக்காமல் நடுவைப் பிடித்து இறுக்குங்கள், புரி போகாது. புது ஒயில் 0.8 லீற்றர், 10டபிள்யூ-30 அல்லது 10டபிள்யூ-40. போத்தலில் ஜாசோ எம்ஏ (மோட்டார் சைக்கிள் ஒயிலுக்கான ஜப்பானியத் தரக்குறி) என்று இருக்க வேண்டும். இதில் கிளச்சும் அதே ஒயிலில்தான் குளிக்கிறது. எரிபொருள் மிச்சம் பிடிக்கும் கார் ஒயிலை ஊற்றினால் கிளச் வழுக்கும். வண்டி யாழ்ப்பாணத்திலிருந்து வந்தது, 1990களில் மண்ணெண்ணெயில் ஓடியது என்றால், 50 கிலோமீற்றரில் ஒயிலை மறுபடியும் மாற்றிவிடுங்கள். சரியாக எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் தலையிலும் வால்வ்களிலும் கரியாகப் படியும், ஒயிலையும் நீர்க்கச் செய்யும்.

இனி ஸ்குரூ. பலர் தோற்கும் முதல் இடம் இது. இஞ்சின் மூடிகளில் உள்ள குறுக்குவெட்டு ஸ்குரூக்கள் பிலிப்ஸ் அல்ல, ஜப்பானிய ஜேஐஎஸ் தரம். பார்க்க ஒன்றுபோல் இருக்கும். ஆனால் பிலிப்ஸ் ஸ்குரூட்றைவரின் நுனி கூராக இருப்பதால் பள்ளத்தின் அடியில் முட்டி நிற்கும், பக்கச் சுவரைப் பிடிக்காது. திருகினால் மேலே ஏறி, தலையைத் தின்றுவிடும். ஜேஐஎஸ் ஸ்குரூட்றைவர் 3ஆம் இலக்கம் ஒன்றும், சுத்தியலால் அடித்தால் தானே திரும்பும் இம்பாக்ற் றைவர் ஒன்றும் வாங்குங்கள். முதலில் ஸ்குரூத் தலையின் பள்ளத்தில் உள்ள ஊத்தையை ஊசியால் தோண்டி எடுங்கள். ஒரு துளி ஏடிஎப் (ஒட்டோ கியர் காருக்கான) ஒயில் விட்டு ஒரு மணித்தியாலம் விடுங்கள். பிறகு ஸ்குரூட்றைவரை வைத்து, நேராக, சுத்தியலால் இரண்டு தட்டு. அந்த அதிர்ச்சியிலேயே பாதி ஸ்குரூ இளகிவிடும். ஏற்கெனவே தலை தின்றுபோனவற்றை மாற்றும்போது எம்6 அலன் போல்ற் போடலாம். ஆனால் பழைய ஸ்குரூவை அளந்து அதே நீளத்தில் வாங்குங்கள். ஒவ்வொரு துளைக்கும் நீளம் வேறு. ஒரு காட்போட் அட்டையில் மூடியின் உருவத்தைக் கீறி, அந்தந்த இடத்தில் ஸ்குரூவைக் குத்தி வைத்தால் குழப்பம் வராது.

டாங்கி. முதலில் பழைய பெற்றோலைக் காற்றோட்டமான இடத்தில் வெளியேற்றுங்கள். மாடிக் குடியிருப்பின் குளியலறை இதற்கு இடமல்ல. பாத்திரம் கழுவும் திரவத்துடன் சுடுநீர் விட்டு இரண்டு தரம் கழுவுங்கள். கோந்துபோல் படிந்த பழைய பெற்றோல் போகாவிட்டால் அமிலம் கறளைத் தொடாது. பிறகு பேக்கரிப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும் சிற்றிக் அசிட், ஒரு லீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீருக்கு 80 கிராம் வீதம் கரைத்து, டாங்கி நிரம்ப ஊற்றுங்கள். நிரம்ப என்றால் கழுத்து வரை. பாதி ஊற்றினால் தண்ணீர்க் கோட்டுக்கு மேலே கறள் அப்படியே இருக்கும். 12 முதல் 24 மணித்தியாலம் போதும். தடித்த கறள் என்றால் பழைய சைக்கிள் செயின் துண்டொன்றைக் கம்பியில் கட்டி உள்ளே விட்டுக் குலுக்கலாம். கம்பியின் மறுமுனை வெளியே இருக்கட்டும், இல்லாவிட்டால் செயினை எடுக்க ஒரு நாள் போகும். கழிவறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டாம். கறளோடு நல்ல தகட்டையும் தின்னும், ஆவி பக்கத்தில் நிற்கும் குரோமையும் கெடுக்கும்.

அமிலத்தைக் கொட்டிய பின் வரும் பத்து நிமிடம்தான் முக்கியம். கொழும்பின் ஈரக் காற்றில், சுத்தமான வெறும் இரும்பு கண்முன்னே செம்மஞ்சளாகும். ஒரு லீற்றருக்கு ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் அலசி, நல்ல தண்ணீரால் அலசி, உடனே ஹெயார் றையரை வாயில் வைத்துக் காயவிடுங்கள். காய்ந்ததும் கொஞ்சம் 2ரி (ரூ-ஸ்ரோக்) ஒயில் கலந்த பெற்றோல் 200 மில்லிலீற்றர் விட்டு எல்லாப் பக்கமும் உருட்டுங்கள். உள்ளே பூசும் சீலர் ஊசித்துளை இருந்தால் மட்டும். ஒட்டாத சீலர் சில வருடத்தில் தோலாக உரிந்து கார்பரேற்றருக்குள் வரும், அதைக் கழுவி எடுப்பது கறளைவிடப் பெரிய வேலை. ஓட்டை பெரிதென்றால் வெல்டிங்குக்குக் கொடுக்கும் முன், இதில் பெற்றோல் இருந்தது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். காலி டாங்கிதான் வெடிக்கும்.

இந்த மாடலில் பெற்றோல் குழாயின் திறப்பு பெரும்பாலும் கார்பரேற்றர் உடலிலேயே இருக்கும், டாங்கியிலிருந்து இரண்டு குழாய் வரும். திறப்புக்குள் நாலு ஓட்டை உள்ள ரப்பர் வட்டம் ஒன்று உண்டு. ஒன்பது வருடத்தில் அது கல்லாகியிருக்கும். மூடிய நிலையிலும் பெற்றோல் கசிவது இதனால்தான். பெற்றோலை அளந்து விடும் பித்தளை ஜெற்றுகளைக் கழற்றி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள், துளை முழு வட்டமாகத் தெரிய வேண்டும். அடைப்பை எடுக்க இரும்புக் கம்பி, ஊசி வேண்டாம், பித்தளை மென்மையானது. மெல்லிய நைலோன் நூலும் கார்பரேற்றர் கிளீனரும் போதும். மலிவாகக் கிடைக்கும் முழு கிற் பெட்டியில் ரப்பரையும் கேஸ்கற்றையும் மட்டும் எடுங்கள். ஜெற்றும் ஊசியும் பழையதே இருக்கட்டும். புதியவற்றில் இலக்கம் சரியாகப் பதித்திருந்தாலும் துளை அளவு பல வேளை சரியாக இருப்பதில்லை. காற்று ஸ்குரூவை மெதுவாக முழுவதும் மூடி, ஒன்றேகால் சுற்றுத் திறந்து தொடங்குங்கள்.

அடுத்து தீப்பொறி. நல்ல செய்தி, சி70க்கு ஸ்ராற் ஆகப் பற்றறி தேவையில்லை. இடதுபக்க மூடிக்குள் சுழலும் மக்னீற்றோவில் (காந்தச் சில்லு சுழன்று மின்சாரம் தரும் பகுதி) இக்னிசனுக்கென்றே தனிச் சுருள் இருக்கிறது. ஆகவே பற்றறி வாங்குமுன் இதைப் பார்க்கலாம். பிளக் 10 மில்லிமீற்றர் புரி உள்ளது, என்ஜிகே சி7எச்எஸ்ஏ பொருந்தும், இடைவெளி 0.6 முதல் 0.7 மில்லிமீற்றர். பிளக்கை உடலில் படவைத்துக் கிக்கரை அழுத்துங்கள். பொறி இல்லையென்றால் சாவி சுவிச்சுக்குப் போகும் வயரை (பொதுவாகக் கறுப்பில் வெள்ளைக் கோடு) கழற்றிவிட்டு மறுபடியும் பாருங்கள். இந்த வண்டியில் சாவி 'ஓஃப்' என்றால் அந்த வயர் உடலோடு இணைக்கப்படுகிறது என்று பொருள். கடற்காற்றில் சுவிச்சுக்குள் பச்சை படிந்து, 'ஓன்' நிலையிலும் இணைந்தே கிடப்பது சாதாரணம். வயரைக் கழற்றியதும் பொறி வந்தால், மக்னீற்றோவைத் தொடத் தேவையே இல்லை.

அதற்குப் பிறகும் பொறி இல்லையென்றால், அல்லது மஞ்சளாக மெலிந்து வந்தால், பார்க்க வேண்டியது பொயின்ற், அதாவது இக்னிசன் மின்சாரத்தைத் திறந்து மூடும் தொடுமுனை. மக்னீற்றோவின் சில்லில் உள்ள ஜன்னல் வழியாகவே அது தெரியும். 600 இலக்க சான்ட் பேப்பரை இரண்டாக மடித்து நடுவில் வைத்து இரண்டு இழுப்பு, பிறகு ஸ்பிரிற்றில் தோய்த்த வெள்ளை அட்டைத் துண்டால் துடையுங்கள். அட்டை சுத்தமாக வரும்வரை. சான்ட் பேப்பரின் மண் ஒரு துணுக்கு நின்றாலும் மின்சாரம் ஓடாது. அதிகபட்சத் திறப்பில் இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீற்றர்.

தீப்பொறி சரியான நேரத்தில் வருகிறதா என்று பார்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. பொயின்ற் திறப்பதை மல்ரிமீற்றரின் 'பீப்' சத்தத்தால் பிடிக்கலாம் என்று நினைப்பீர்கள். ஆனால் பொயின்ற்றுக்குப் பக்கவாட்டில் ஒரு ஓம் அளவே தடை உள்ள சுருள் இணைந்திருப்பதால், திறந்தாலும் மூடினாலும் மீற்றர் கத்திக்கொண்டே இருக்கும். ரொபி சுற்றிவரும் மெல்லிய செலபேனில் ஒரு கீற்று வெட்டி, மூடிய பொயின்ற்றுக்கு நடுவே வையுங்கள். ஒரு கையால் கீற்றை மெல்ல இழுத்தபடி, மறுகையால் சில்லை இடஞ்சுழியாகத் திருப்புங்கள். கீற்று விடுபடும் அந்தக் கணத்தில் சில்லில் உள்ள 'எஃப்' கோடு (தீப்பொறி வர வேண்டிய இடம்) இஞ்சின் உடலில் உள்ள குறிக்கு நேரே நிற்க வேண்டும். முந்தி விடுபட்டால் இடைவெளியைக் கொஞ்சம் குறையுங்கள், பிந்தினால் கூட்டுங்கள். 0.3க்கும் 0.4க்கும் இடையில் சரிவராவிட்டால் பொயின்ற்றின் பைபர் குதி தேய்ந்துவிட்டது, புதிது போடுங்கள். ஓடும்போது பொயின்ற்றில் பெரிய வெள்ளைப் பொறி தெறித்தால், அல்லது சூடானதும் நின்று ஆறினதும் ஓடினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது கொண்டென்சர் (பொயின்ற்றோடு இணைந்த சிறு மின்தேக்கி). அதை மாற்றச் சில்லைக் கழற்ற வேண்டும், அதற்குரிய இடம்புரிப் புல்லர் இல்லாமல் தொடாதீர்கள். சுத்தியலால் ஓரத்தில் தட்டிச் சில்லை எடுப்பவர்கள் காந்தத்தையோ கிராங்க் நுனியையோ இழப்பார்கள்.

வால்வ் இடைவெளி குளிர்ந்த இஞ்சினில் இரண்டுக்கும் 0.05 மில்லிமீற்றர். பிஸ்ரன் உச்சியில் நிற்பதைக் காட்டும் 'டி' கோடு நேரே வந்ததும், வால்வ்களை அழுத்தும் இரண்டு றொக்கரும் இலேசாக ஆட வேண்டும். ஆடாவிட்டால் நீங்கள் நிற்பது அடுத்த சுற்றில், சில்லை ஒரு முழுச் சுற்றுத் திருப்புங்கள். இதைப் பார்க்காமல் இறுக்கத்தைத் தளர்த்தி, பிறகு தட்டுச் சத்தம் என்று வருந்துகிறவர்கள் ஏராளம்.

இவ்வளவும் செய்தால் வண்டி ஸ்ராற் ஆக வேண்டும். டாங்கியை இன்னும் பூட்டாமல், சிறு போத்தலில் 100 மில்லிலீற்றர் 92 ஒக்ரேன் பெற்றோலைக் குழாய்வழி கொடுத்துப் பாருங்கள். ஓடி, நீலப் புகை நிற்காமல் வந்தால் கொம்பிரஷன் பாருங்கள். நல்ல இஞ்சினில் 170 பிஎஸ்ஐ அளவு இருக்கும், 120க்குக் கீழே என்றால் யோசிக்க வேண்டும். பிளக் ஓட்டையில் 5 மில்லிலீற்றர் ஒயில் விட்டு மறுபடி அளந்து, எண் நன்றாக ஏறினால் றிங் அல்லது சிலிண்டர், ஏறாவிட்டால் வால்வ். சிலிண்டரை லேத் பட்டறைக்குக் கொடுக்கும் முன் பிஸ்ரனை வாங்குங்கள். மூல அளவு 47 மில்லிமீற்றர், அதற்கு மேல் 0.25, 0.50 என்று ஏறும். பிஸ்ரனைப் பட்டறையின் கையில் கொடுத்து, அதற்கேற்பப் போர் செய்யச் (சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து அகலமாக்கச்) சொல்லுங்கள். முதலில் போர் செய்துவிட்டுப் பிஸ்ரன் தேடி அலைவது வீண்.

கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போகும்போது பழைய உதிரிப்பாகத்தைக் கழற்றிக் கையோடு கொண்டுபோங்கள், ஒரு வேர்னியரும் மீற்றரும் பையில் இருக்கட்டும். பெயர் சொல்லிக் கேட்டால் சி50, சி70, சி90 மூன்றினதும் மாறிமாறி வரும். அங்கே ஒன்றில் மட்டும் எச்சரிக்கை: பெட்டி உடைக்காத பழைய ஜப்பான் பிறேக் சூ. பெட்டியைப் பார்த்தால் ஆசை வரும். ஆனால் பல பத்தாண்டாகக் கிடந்த பசை செத்திருக்கும். ஓடும்போது லைனிங் கழன்று பிறேக் றம்முக்குள் சிக்கினால் வண்டிச் சில்லு அப்படியே பூட்டிக்கொள்ளும். புதிதாகச் செய்த சூ வாங்குங்கள். பழைய சூவைக் கழற்றும்போது தூசியைக் காற்றால் ஊதாதீர்கள், அந்தக் காலத்து லைனிங்கில் அஸ்பெஸ்ரஸ் இருக்கும். ஈரத்துணியால் துடைத்துப் பொலித்தீனில் கட்டி எறியுங்கள். ரயர் 17 அங்குலம், முன்னுக்கு 2.25, பின்னுக்கு 2.50. பக்கத்தில் உள்ள நாலு இலக்கம் உற்பத்தி வாரமும் வருடமும் (2319 என்றால் 2019இன் 23ஆம் வாரம்). பூ (ரயரின் வெட்டு) தேயாமல் இருந்தாலும் பழைய ரயரில் மழைக் காலத்தில் கோல் றோட்டில் (காலி வீதி) ஓட வேண்டாம். செயின் 420, தொய்வு 10 முதல் 20 மில்லிமீற்றர்.

இனி வயரிங்கும் உங்கள் 12 வோல்ற் கேள்வியும். 6 வோல்ற் வண்டியின் லைற் மங்கலென்று எல்லாரும் சொல்வார்கள். மங்கலுக்குப் பாதிக் காரணம் வோல்ற் அல்ல, எர்த். ஹொண்டாவில் எர்த் பச்சை வயர். கார், பழைய ஆங்கில வண்டி பழகியவர்கள் கறுப்பை எர்த் என்று நினைத்து உடலில் பூட்டிப் பியூஸை எரிப்பார்கள். ஹொண்டாவில் கறுப்பு, சாவிக்குப் பிறகு வரும் உயிர்வயர். பச்சை வயர் சேரும் ஒவ்வொரு போல்ற்றையும் கழற்றி, அடியில் உள்ள பெயின்ற்றைச் சுரண்டி, வசலின் பூசி இறுக்குங்கள். பற்றறியில் ஓடும் லைற்றுகளுக்கு ஒரு சோதனை: பிறேக் லைற்றை எரியவிட்டு, மீற்றரின் ஒரு முனையைப் பற்றறி நெகற்றிவ்விலும் மறுமுனையைப் பல்ப் பிடியின் உடலிலும் வையுங்கள். 0.2 வோல்ற்றுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டது. அரை வோல்ற் இழப்பு சின்னதாகத் தோன்றும். ஆனால் 6 வோல்ற் இழைப் பல்ப்பில் அது வெளிச்சத்தில் கால்வாசியைத் தின்றுவிடும்.

இந்த வண்டியில் தலை லைற் மக்னீற்றோவிலிருந்து நேரே ஏசியில் எரிகிறது. றெகுலேற்றர் கிடையாது, பல்ப்பே சுமையாக நின்று வோல்ற்றைக் கட்டுப்படுத்துகிறது. அதனால் தலை லைற் பல்ப் போனால் கொஞ்ச நேரத்தில் பின் லைற்றும் போகும். வாட் குறைந்த பல்ப் போட்டாலும் இதே கதி. எல்ஈடி பல்ப் வாங்கிச் செருகிவிட்டு, இரண்டு கிழமையில் எரிந்துபோனது, தரமில்லை என்று கடைக்காரரைத் திட்டுவோர் இதைத்தான் தவறவிடுகிறார்கள். சுமை குறைந்தது, வோல்ற் ஏறியது. பற்றறிப் பக்கத்திலும் சிக்னல், பிறேக் எல்லாம் எல்ஈடி ஆனால் சார்ஜ் மிஞ்சிப் பற்றறித் தண்ணீர் கொதித்துக் குறையும்.

12 வோல்ற் ஆக்கினால் மக்னீற்றோ கூடுதல் வாட் தராது. கிடைப்பது இரண்டு இலாபம்: அதே வாட்டுக்கு மின்னோட்டம் பாதியாவதால் வயரில் வீணாவது கால்பங்காகும். பல்ப், ஹோன், பற்றறி எந்தக் கடையிலும் கிடைக்கும். நகரத்துக்குள், தெருவிளக்கு வெளிச்சத்தில் ஓடுவதென்றால் 6 வோல்ற்றையே சீர்ப்படுத்தி, 6 வோல்ற் 4 அம்பியர்-மணி பற்றறி போட்டு ஓடுங்கள் என்பதே என் கருத்து. இரவில் வெளியூர் போவதென்றால் மாற்றலாம், இரண்டு வழி உண்டு. ஒன்று, 1980களின் 12 வோல்ற் சீடிஐ (பொயின்ற் இல்லாத மின்னணு இக்னிசன்) வண்டியின் சில்லு, சுருள்தட்டு, சீடிஐ பெட்டி, கொயில் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து ஜோடியாக எடுப்பது. பொயின்ற்றின் தொல்லை போகும். ஆனால் சில்லின் கூம்பு உங்கள் கிராங்க் நுனியில் உட்காருகிறதா என்று பார்த்துவிட்டே காசு கொடுங்கள். மற்றது, இருக்கும் லைற் சுருளின் எர்த் நுனியை உடலிலிருந்து பிரித்து, இரு நுனியையும் 12 வோல்ற் புல்-வேவ் றெகுலேற்றர்-றெக்றிபயருக்குக் (ஏசியை டிசியாக்கி வோல்ற்றைக் கட்டுப்படுத்தும் பெட்டி) கொடுத்து, சிறு 12 வோல்ற் பற்றறியும் முழுக்க எல்ஈடியும் போடுவது. இக்னிசன் சுருளின் எர்த்தைத் தொடாதீர்கள். வண்டி நின்றபடி இஞ்சின் மட்டும் மெதுவாக ஓடும்போது சார்ஜ் ஏறாது. ட்ராபிக்கில் நெடுநேரம் நின்றால் பற்றறி இறங்கும், அதனால் தலை லைற் 10 வாட்டைத் தாண்ட வேண்டாம். எந்த வழியானாலும் சேர்த்து மாற்ற வேண்டியவை: தலை, பின், பிறேக், நாலு சிக்னல், மீற்றர், நியூட்ரல் பல்ப்கள், ஹோன், பிளாஷர் (எல்ஈடிக்கென்று உள்ளது, பழையது மினுங்காது). கழற்றிய 6 வோல்ற் சாமான்களை எறியாமல் பெட்டியில் போட்டு வையுங்கள்.

பெயின்ற் கடைசி. உடலைத் தேய்க்கும்போது சசி இலக்கம் பதித்த இடத்தைக் கிரைண்டரால் தொடாதீர்கள், டேப் ஒட்டி மறையுங்கள். இஞ்சின் இலக்கம் சி70ஈ என்று தொடங்கும், பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள். நிறம் மாற்றினாலும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிய வேண்டும்.

கியர் மாறும்போது வண்டி குதித்தால் கிளச்சைத் திறக்க வேண்டாம். வலதுபக்க மூடியில் உள்ள பூட்டு நட்டைத் தளர்த்தி, நடு ஸ்குரூவை வலஞ்சுழியாக ஒரு சுற்று, பிறகு இடஞ்சுழியாகக் கை தடைபடும்வரை, அங்கிருந்து வலஞ்சுழியாக எட்டில் ஒரு சுற்று, நட்டை இறுக்குங்கள். முதல் 300 கிலோமீற்றரில் வலதுபக்க மூடியைக் கழற்றி, உள்ளே உள்ள சல்லடையை இழுத்து வெள்ளைத் துணியில் தட்டிப் பாருங்கள். கறுப்பு ரப்பர்த் துணுக்கு வந்தால் கேம் செயின் உருளை உதிர்கிறது, அதை மாற்றிவிடலாம். மினுங்கும் செதில் வந்தால் பிறகு ஓடாதீர்கள். கிராங்க் பக்கத்துக் கொனெக்ரிங் றொட் அடிப்பகுதியை மேலும் கீழும் ஆட்டிப் பார்க்கும் வேலை அது, இஞ்சின் மேசைக்கு வர வேண்டும்.